என் தனிக்குரலும் ஏழேகால் வண்டியும்

இனி யாரோடும் சேர்ந்து பாடுவதில்லை என்று 1983ஆம் வருடம் தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முடிவு செய்தேன். அப்போது பல் துலக்கிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையின் பெரிய முடிவுகளை எல்லாம் வாய் நிறைய நுரையோடு இருக்கும்போதுதான் எடுத்திருக்கிறேன். அந்த நேரத்தில் என்னை யாரும் கேள்வி கேட்பதில்லை.

எங்களைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். செங்கோடன் - கந்தவேல் மெல்லிசை இரட்டையர் என்றால் வாழப்பாடியிலிருந்து ஜேடர்பாளையம் வரை பதினோரு வருடமாகத் தெரிந்த பெயர். கல்யாண வரவேற்பு, கோயில் விழா, லாரி பட்டறைத் திறப்பு என்று எல்லாவற்றுக்கும் பாடியிருக்கிறோம். செங்கோடன் நான். பகலில் நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் குமாஸ்தா. கந்தவேலுக்கு எங்கள் ஊரான பரமத்தியிலேயே சைக்கிள் கடை. பாட்டு முழுக்க நாங்களே எழுதிக்கொள்வது. நான் ஒரு வரி பாடுவேன். அவன் அதற்குப் பதில் வரி பாடுவான். கடைசியில் இருவரும் சேர்ந்து முடிப்போம். இதுதான் எங்கள் முறை.

முறை கெட்டது ராசிபுரத்தில். ஒரு பட்டு வியாபாரி வீட்டுக் கல்யாணம். மைக்கைப் பிடித்தவர், "அடுத்ததாகக் கந்தவேல் குழுவினர்" என்றார். மேடையில் பாடுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவன் கந்தவேல். அப்படியானால் குழுவினர் நான். பதினோரு வருடம் பாடிய பிறகு நான் ஒரு குழுவினர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். கந்தவேல் அவரைத் திருத்துவான் என்று பார்த்தேன். அவன் முன்னால் வந்து ஒரு கும்பிடு போட்டான். அந்தக் கும்பிடு என் நெஞ்சிலேயே நின்றுவிட்டது.

வாயைக் கொப்பளித்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனேன். என் மனைவி மயிலம்மாள் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"மயிலு, இனிமே நான் தனியாத்தான் பாடப்போறேன்."

"பாடுங்க."

"கந்தவேலோட இனிப் பேச்சுவார்த்தையே கெடையாது."

"செரிங்க."

"பதினோரு வருசத்துப் பழக்கம் அறுந்துபோச்சுங்கறேன். உனக்கு வருத்தமா இல்லையா புள்ள?"

"புளி கரைச்சுட்டு இருக்கறனுங்க. கரைச்சு முடிச்சுட்டு வருத்தப்படறேன்."

"தனியா ஒரு கேசட்டே போடப்போறேன். மேடையில பாடுன பாட்டுலயே பத்து. எல்லாம் என் குரல்."

"போடுங்க, போடுங்க. எங்க பாடிப் பழகுவீங்க? இத்தன நாளும் கந்தவேலு அண்ணன் ஊட்டுலதான பாடுனீங்க?"

"இனி எதுக்கு அவனூட்டுக்குப் போறேன்? நம்மூட்டுலயேதான்."

புளி கரைத்த கை நின்றது. என் முடிவின் கனம் அவளுக்கு அப்போதுதான் உறைத்தது என்று நினைத்துக்கொண்டேன். உறைத்தது உண்மைதான். எது உறைத்தது என்பதில்தான் நான் ஏமாந்தேன்.

பழக ஆரம்பித்தேன். மாலை ஆறிலிருந்து எட்டு வரை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் மயிலம்மாள் இருநூறு முட்டைக்கோழி வளர்த்தாள். என் தனிக்குரலின் முதல் ரசிகர்கள் அவைதான். நான்காம் நாள் அவற்றின் கருத்து தெரிந்தது.

"ஏனுங்க, முட்டை கொறஞ்சு போச்சுங்க."

"வெயிலா இருக்கும்."

"தை மாசத்துல என்னுங்க வெயிலு? நீங்க 'ஏ...'ன்னு இழுத்தீங்கன்னா அத்தன கோழியும் ஒரு மூலைக்குப் போயி மொகத்தத் திருப்பிக்குதுங்க."

"அது ரசிக்குது புள்ள."

"ரசிச்சா முட்டை போடுமல்லங்க?"

ஆனாலும் நான் நிறுத்தவில்லை. கலைஞன் கோழிக்குப் பயந்தால் முடியுமா? மயிலம்மாள் சாயங்காலமானால் காதில் பஞ்சு வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். காதுக்குள் குத்துகிறது என்றாள். கோழிகளுக்கும் வைக்க முடியவில்லையே என்று வருத்தப்பட்டாள்.

மாசியில் சேலம் போய்ப் பாட்டைப் பதிவு செய்தேன். ஒரு மாடி அறை. சுவரெல்லாம் சாக்குப் படுதா. ஆர்மோனியத்துக்கு ஒருவர், தபேலாவுக்கு ஒருவர். முதல் பாட்டு முடிந்ததும் பதிவு செய்பவர் தலையை நீட்டினார்.

"சார், இன்னொருத்தர் எப்ப வருவாரு?"

"யாரும் வரமாட்டாங்க. நான் மட்டுந்தான்."

அவர் என்னைப் பார்த்தார். ஆர்மோனியக்காரரைப் பார்த்தார். "சரி சார், உங்க இஷ்டம்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். சேலத்துக்காரர்களுக்குத் தனிக்குரலின் அருமை தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கேசட்டுக்குப் பெயர் 'தனிக்குரல்'. அட்டைக்கு ஒரு போட்டோ வேண்டியிருந்தது. இருந்த போட்டோவிலெல்லாம் இரண்டு பேராக இருந்தோம். அதில் நான் அழகாக இருந்த ஒன்றை எடுத்து, கந்தவேலை வெட்டிவிடச் சொன்னேன். வெட்டினார்கள். அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தேன். ஆளை வெட்டியவர்கள் என் தோள்மேல் இருந்த அவன் கையை விட்டுவிட்டார்கள்.

பங்குனியில் கேசட் வெளியானது. உலகம் என்ன சொல்லப் போகிறது என்று காது கொடுத்துக் காத்திருந்தேன்.

முதல் கருத்து பக்கத்து வீட்டு நல்லம்மாளிடமிருந்து வந்தது. அவளுக்கு இலவசமாகவே ஒன்று கொடுத்திருந்தேன். மூன்று நாள் பொறுத்துவிட்டு வேலியோரம் போய் நின்றேன்.

"என்னக்கா, கேட்டீங்களா?"

"கேட்டேன் சாமி, கேட்டேன்."

"எப்படி?"

"பாட்டு கெடக்கட்டும். தோளு மேல இருக்குதே, இந்தக் கை யாருது?"

"அது... அச்சுப் பிழைங்க."

"பொம்பளக் கையாட்டத் தெரியுதே சாமி. மயிலுக்குத் தெரியுமா?"

அதற்குமேல் நான் அங்கே நிற்கவில்லை.

இரண்டாவது, பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் காத்தான். இரண்டு நாள் கடையில் போட்டுவிட்டு மூன்றாம் நாள் கேசட்டைத் திருப்பிக் கொடுத்தான்.

"ஏம்பா, பாட்டு நல்லா இல்லியா?"

"நெம்ப நல்லா இருக்குதுங்கண்ணா. ஆனா நடுவுல நடுவுல நின்னு போயிருதுங்க. கரண்டுதான் போச்சுன்னு நான் ரெண்டு தடவ பீஸ் கட்டையப் புடுங்கிப் பாத்துட்டேன். ஒருக்கா ஷாக்கே அடிச்சுருச்சுங்க."

கேசட் பெட்டி கோளாறு என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாவது கருத்துதான் என்னை உட்கார வைத்தது. எங்கள் ஆபீஸில் லோடு எடுக்கும் டிரைவர் காளியப்பன் நாக்பூர் வரை போய்விட்டு வந்தான். கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா, உங்க கேசட்டுதானுங்க என்னக் காப்பாத்துச்சு. போயி வர்ற வரைக்கும் கண்ணு அசரலீங்க."

என் உடம்பு புல்லரித்தது. "அவ்வளவு நல்லாவா இருந்துச்சு?"

"நல்லா இருக்குதோ இல்லியோ, ஒரு வரி பாடறீங்க. அப்பறம் கம்முனு இருக்கறீங்க. செரி, செத்துப்போயிட்டாராட்டன்னு நெனைக்கறப்ப அடுத்த வரி வருதுங்க. அடுத்தது எப்ப வரும், எப்ப வரும்னு காதத் தீட்டிட்டே ஓட்டுனனுங்க. தூக்கம் எங்கீங்க வரும்?"

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரே வைத்துக்கொண்டு என் கேசட்டை நானே கேட்டேன். நான் ஒரு வரி பாடுகிறேன். ஆர்மோனியமும் தபேலாவும் லேசாகக் கிணுகிணுத்துக்கொண்டிருக்கின்றன. நான் இல்லை. ஏழு வினாடி. பிறகு அடுத்த வரி. மறுபடியும் ஏழு வினாடி. பத்துப் பாட்டிலும் அப்படியே, மூன்றாவதில் ஓரிடத்தில் மட்டும் ஒன்பது.

விஷயம் புரிந்தது. பதினோரு வருடப் பழக்கம். என் வரி முடிந்தால் வாய் தானாக மூடிக்கொள்ளும். கந்தவேல் பதில் பாடிவிட்டால் தானாகத் திறக்கும். ஆளைத்தான் வெட்டினேனே தவிர, அவனுக்கான இடத்தை அப்படியே விட்டுவிட்டுப் பாடியிருக்கிறேன். அது எனக்கே தெரியவில்லை. ஒரு மாசம் பழகும்போதும் தெரியவில்லை. அந்த ஏழு வினாடியும் என் மண்டைக்குள் அவன் பாடிக்கொண்டிருந்திருக்கிறான், எனக்கு எப்படித் தெரியும்?

வாசற்படியில் மயிலம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னுங்க, கடியாரத்த வெச்சுட்டுப் பாட்டுக் கேக்கறீங்க?"

"நடுவுல கொஞ்சம் எடம் இருக்குதில்ல? அது எவ்வளவு சுகமா இருக்குதுன்னு பாக்கறேன். புது பாணி."

"ஓ."

"கேக்கறவங்க நெனச்சுப் பாக்கறதுக்கு அவகாசம் குடுக்கறது. வடக்க எல்லாம் இப்ப இதுதான்."

"அப்படீங்களா? கந்தவேலு அண்ணனும் அவுரு கடையில உக்காந்துட்டு இப்படித்தான் பாதிப் பாதியாப் பாடறாருன்னு ராமாயி சொன்னா. பஞ்சர் ஒட்டிட்டே பதில் வரிய மட்டும் பாடறாராமா. முன்னால வரி இல்லாம. அவுருகூட வடக்கத்திப் பாணிக்குப் போயிட்டாருங்களோ?"

ராமாயி கந்தவேலின் மனைவி. எங்கள் சண்டை புருஷர்களோடு நின்றுபோயிருந்தது. பெண்கள் இருவரும் முன்பு போலவேதான் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மயிலம்மாளின் பேச்சில் குத்தல் இருந்ததா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கோழிக்குத் தீவனம் வைக்கப் போய்விட்டாள்.

இந்த நிலையில்தான் ஆடி வந்தது. ஜேடர்பாளையத்தில் ஆடிப்பெருக்கு என்றால் சும்மா இல்லை. அணைக்கட்டு ஓரம் கால் வைக்க இடமில்லாத கூட்டம். மேடை போட்டுப் பாட்டு. பதினோரு வருடமும் அந்த மேடை எங்களுடையது. விழாவை நடத்துபவர் மணியன் அண்ணன். கொடிக்கால் வைத்திருப்பவர். வாரம் தவறாமல் வெள்ளிக்கிழமை காலையில் வெற்றிலைக் கூடையோடு நாமக்கல்லுக்கு வருவார். நான் போய்க் கேட்டேன்.

"நீ மட்டுமா?" என்றார்.

"நான் மட்டுந்தாங்கண்ணா."

"ரெண்டு பேரும் வந்தீங்கன்னா மேடை உங்குளுது. இல்லாட்டி கரூர்ல இருந்து ஒரு செட்டுக் கேட்டுட்டு இருக்கறாங்க, சொல்லிருவேன்."

"என் கேசட்டக் கேட்டீங்களா?"

"எங்கூட்டுல பெட்டியில்ல சாமி. நான் கேட்டுத்தான் என்ன ஆகுது? சனங்க கேக்கோணும். சனங்களுக்குப் புடிச்சா நான் ஆரு வேண்டாங்கறதுக்கு?"

சனங்களுக்குப் பிடிக்கிறதா என்று பார்க்க இந்தப் பக்கத்தில் ஒரே இடம்தான் உண்டு. பஸ். இங்கே பாட்டுக்காகவே ஒரு பஸ்ஸை விட்டு அடுத்த பஸ்ஸில் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஜேடர்பாளையத்திலிருந்து வந்து ஏழேகாலுக்குப் பரமத்தியைத் தொட்டு நாமக்கல் போகும் தனியார் வண்டிக்கு ஊரில் பெயரே 'ஏழேகால் வண்டி'. அதன் கண்டக்டர் பொன்னன் எந்தப் பாட்டைப் போடுகிறானோ அதைத்தான் அன்றைக்கு நாமக்கல் முணுமுணுக்கும். மணியன் அண்ணன் வெற்றிலை கொண்டுவருவதும் அந்த வண்டியில்தான். நான் ஆபீஸ் போவதும், மயிலம்மாள் வெள்ளிக்கிழமைகளில் முட்டை கொண்டுபோவதும் அதில்தான்.

திட்டம் தயாராகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை 'தனிக்குரல்' ஏழேகால் வண்டியில் ஒலிக்க வேண்டும். சனங்கள் ரசிக்க வேண்டும். அதை மணியன் அண்ணன் கண்ணால் பார்க்க வேண்டும். ஏழு வினாடி இடைவெளிதான் இடித்தது. அதற்கும் வழி கண்டுபிடித்தேன். காத்தானைப் பிடித்தேன்.

"நீ வண்டியில முன்னால உக்காரு. நான் வரி முடிச்சதும் 'ஆகா!'ன்னு சொல்லு. அடுத்த வரி முடிஞ்சதும் 'பேஷ்!' சொல்லு. மாத்தி மாத்தி. நீ சொன்னா நாலு பேரு சொல்லுவாங்க. எடம் நெறஞ்சுரும்."

"ஒவ்வொரு வரிக்குமாங்கண்ணா?"

"ஒவ்வொரு வரிக்கும்."

"ஷாக் அடிக்காதில்லீங்க?"

"இது பஸ்ஸுடா."

மிச்சம் ஒரு சின்ன வேலை. கேசட்டைப் பொன்னனிடம் கொடுக்க வேண்டும். பாடகனே கொண்டுபோய்க் கொடுத்தால் மரியாதை போய்விடும். செவ்வாய்க்கிழமை ராத்திரியே மயிலம்மாளைக் கேட்டேன். மறுப்பாள் என்று நினைத்துக் கால்மணி நேரத்துக்கு வாதங்கள் தயார் செய்து வைத்திருந்தேன்.

"குடுத்துட்டாப் போச்சுங்க" என்றாள்.

"நான் சொன்னேன்னு சொல்லாத."

"சொல்ல மாட்டனுங்க."

பதினைந்து வருடக் குடும்பம் நடத்தியவன் அந்த இடத்தில் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் மீதி வாதங்களை அடுத்த தேவைக்கு வைத்துக்கொண்டு சந்தோஷமாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை. ஏழேகால் வண்டி வந்தது. மயிலம்மாள் முட்டைத் தட்டுகளோடு முன்பக்கம் ஏறினாள். நான் பின்பக்கம் ஏறிக் கடைசி இருக்கையில் தினசரித்தாளை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன். நடுவில் மணியன் அண்ணன், மடியில் ஒரு கூடை, காலடியில் இரண்டு கூடை. டிரைவருக்குப் பின்னால் காத்தான். தலைக்கு எண்ணெய் வைத்து, ரசிகன் மாதிரியே வந்திருந்தான்.

ஊர் எல்லை தாண்டியதும் பொன்னன் கேசட்டைப் போட்டான். ஆர்மோனியம். தபேலா. என் குரல்.

'வெத்தலைக் கொடிக்காலில் வெயில் தணியும் நேரம்...'

வண்டி நிறைய என் குரல். எனக்கே பெருமையாக இருந்தது. வரி முடிந்தது. இதோ ஏழு வினாடி. காத்தான் மூச்சை இழுத்ததைப் பின்னாலிருந்தே பார்த்தேன்.

'வேலி ஓரம் நின்னேனே, நீ போனதென்ன தூரம்...'

ஒரு கணம் என் மண்டைக்குள் கேட்கிறது என்றுதான் நினைத்தேன். செய்தித்தாளை இறக்கினேன். மண்டைக்குள் இல்லை. தலைக்கு மேலே இருந்த ஸ்பீக்கரில் கேட்டது. கந்தவேல்! கந்தவேலின் குரல்! என் தனிக்குரலில்!

"ஆகா!" என்று கத்தினான் காத்தான்.

நான் பாடினேன். காத்தான் கம்மென்று இருந்தான். கந்தவேல் பாடினான். "பேஷ்!" என்றான் காத்தான். இடைவெளியில் சொல்லச் சொல்லியிருந்தேன். அவன் நாணயமானவன். வரிக்கு வரி பிசகாமல், கந்தவேல் வாயைத் திறக்கும்போதெல்லாம் புகழ்ந்துகொண்டிருந்தான். என் ஆள். என் ஏற்பாடு. கந்தவேலுக்கு ஆகா, கந்தவேலுக்குப் பேஷ்.

இரண்டு பாட்டு வரை பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து நின்றேன். 'நிறுத்து பொன்னா!' என்று கத்தத்தான் எழுந்தேன். அதற்குள் மூன்றாவது பாட்டு வந்துவிட்டது. அதில் ஒரு இடத்தில் என் குரல் மேலே போய் லேசாக உடைந்திருக்கும். கேசட்டில் அந்த இடம் வரும்போதெல்லாம் நான் இருமி மறைத்துவிடுவேன். இப்போது அது உடைவதற்குள் கந்தவேல் கீழேயிருந்து வந்து பிடித்துக்கொண்டான். எத்தனையோ மேடையில் அப்படிப் பிடித்திருக்கிறான். ஒரு தடவைகூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை. கத்த வந்த வாய் மூடிக்கொண்டது. வழக்கம்போல் அவன் வரி முடியும்வரை மூடியே இருந்தது.

ஒரு கிழவி இறங்கவேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டாள். "ஏ ஆத்தா, உங்கூரு போயிருச்சு" என்று பொன்னன் சொன்னதற்கு, "போனாப் போவுது, பாட்டு முடியட்டும்" என்றாள்.

"ரெண்டு பேரும் ராசியாயிட்டாங்களாட்ட இருக்குது" என்றார் ஒருவர்.

"ராசியாகாம? இந்தக் கொரலுக்கு அந்தக் கொரலு இல்லாட்டி உப்பில்லாத சோறாட்ட இருக்குமல்ல?"

எந்தக் குரல் சோறு, எது உப்பு என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. மணியன் அண்ணன் கூடைக்கு மேலே கையைத் தூக்கினார்.

"செங்கோடா, எதுக்குப் பேப்பருக்குள்ள ஒளிஞ்சுட்டு இருந்தே? ரெண்டு பேரும் சேந்துட்டத என்கிட்டச் சொல்லலாமல்ல? கரூருக்காரங்குளுக்கு இன்னைக்கே இல்லைன்னு சொல்லிப்போடறேன். மேடை உங்குளுது!"

வண்டியே திரும்பிப் பார்த்தது. நான் என்ன செய்வது? ஒரு கும்பிடு போட்டேன். போடும்போதுதான் தோன்றியது, ராசிபுரத்தில் கந்தவேலுக்கும் வேறு வழி இருந்திருக்காதோ என்று. முன் இருக்கையில் மயிலம்மாள் மட்டும் திரும்பவில்லை. முட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே ஆரம்பித்தேன்.

"மயிலு! யாரைக் கேட்டுடி இந்த வேலை செஞ்சே?"

"காப்பி குடிக்கறீங்களா?"

"காப்பி இருக்கட்டும். அவன் கொரலு எப்படி என் கேசட்டுக்குள்ள வந்துச்சு?"

"ராமாயி ஊட்டுக்கு எடுத்துட்டுப் போனனுங்க. ஒரு பெட்டியில உங்க பாட்டப் போட்டோம். இன்னொரு பெட்டியில ரிக்கார்டு பட்டனை அமுத்தி வெச்சோம். அண்ணன் சும்மாதான் உக்காந்துட்டு இருந்தாருங்க. பாடுங்கன்னு நாங்க ஒரு வார்த்த சொல்லலை. உங்க வரி முடிஞ்சுது, அவுரு ஆரம்பிச்சுட்டாரு."

"அது என் தனிக்குரல்! சேலம் வரைக்கும் போயிப் போட்டது! அதுல அவன் எப்படி வந்து உக்காருவான்?"

"நீங்க எடம் உட்டிருந்தீங்க. அவுரு உக்காந்தாரு. எடம் உட்டது ஆருங்க?"

"அது பாணி!"

"ஆமாங்க. பாணிதானுங்க. நாந்தான் மறந்துட்டேன்."

அவள் காப்பியை ஆற்றினாள். நான் ஆறவில்லை. ஆனாலும் ஜேடர்பாளையம் மேடை கிடைத்துவிட்டது. அது உறுத்தலாகவும் இருந்தது, சுகமாகவும் இருந்தது. தோற்றவன் மாதிரி உடனே அவன் வீட்டு வாசலில் போய் நிற்கவும் மனமில்லை. ஆண்பிள்ளைக்கு ஒரு நிபந்தனையாவது வேண்டும். யோசித்தேன். கிடைத்தது.

"இந்தா பாரு. ஆடிப்பெருக்குக்கு அவனோட பாடறேன். ஆனா ஒரு நிபந்தனை."

"சொல்லுங்க."

"பழகறதெல்லாம் அவனூட்டுலதான். என் ஊட்டுக்கு அவன் கால் வெக்கக் கூடாது."

மயிலம்மாளின் முகம் வாடியது. "அதெப்படிங்க? தெனமுமா அங்க போவீங்க? நான் ஒண்டியா இருக்கோணுமல்லங்க. இங்கியே பாடுங்க. எனக்குங் கேட்டாப்புல இருக்கும்."

பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக அவள் கெஞ்சினாள். நான் உருகவில்லை.

"முடியாது."

"ஒரு நாளு இங்க, ஒரு நாளு அங்கன்னு வெச்சுக்கலாமுங்க."

"ஒரு நாளும் கெடையாது. அவனூட்டுலதான். ஆறுல இருந்து எட்டு மணி வரைக்கும்."

"இத்தன அழுத்தமா சொல்றீங்க. அப்பறம் நான் என்னத்தச் சொல்றது?" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்குள் என் வார்த்தை ஒன்று நின்றது. அந்தச் சூட்டோடு அப்போதே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கந்தவேல் வாசலிலேயே இருந்தான். கையில் கிரீஸ்.

"வா" என்றான்.

"ம்" என்றேன்.

அவன் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டான்.

"மூணாவது பாட்டுல கொஞ்சம் அதிகமா எடம் உட்டுட்டே" என்றான்.

"அங்க உனக்கு மூச்சு எடுக்கறதுக்கு நேரம் வேணுமேன்னு."

அவன் கையைத் துடைத்துக்கொண்டான். வேண்டுமென்றே ரொம்ப நேரம் துடைத்தான். பிறகு, "உள்ள வா, ஆரம்பிக்கலாம்" என்றான்.

உள்ளே போனேன். கூடத்தில் எனக்கும் அவனுக்கும் எதிரெதிராகப் பாய் விரித்திருந்தது. என் பக்கத்தில் ஒரு சொம்பு, ஒரு டம்ளர். தாகமாக இருந்தது. டம்ளரை எடுத்து வாயருகே கொண்டுபோனவன் நிறுத்தினேன். விளிம்புக்குக் கீழே பெயர் வெட்டியிருந்தது. 'செ. மயிலம்மாள்.'

"ராமாயி, இது எங்கூட்டு டம்ளராச்சே?"

"ஆமாங்கண்ணா" என்றாள் ராமாயி. "இனிமே தெனமும் நீங்க இங்கதான் பாட வருவீங்கன்னு சொல்லி, அக்கா நேத்து மத்தியானமே கொண்டாந்து வெச்சுட்டுப் போயிட்டாங்க."